ஒலிபெருக்கி எதைப் பெருக்குகிறது? பேஸ் கிட்டார்க் கருவிகளுக்குச் சொல் தேடி

சொல்லாக்கக் குழுவின் அன்பர்கள் அனைவருக்கும் சிங்கப்பூரிலிருந்து வணக்கம்.

தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாரோடு பயன்படும் ஆம்ப்ளிஃபையருக்கும் ஸ்பீக்கருக்கும் ஸ்பீக்கர்ப் பெட்டிக்கும் தனித்தனித் தமிழ்ச்சொல் என்ன என்று சென்ற வாரம் நான் கேட்ட கேள்விக்கு வந்த மறுமொழிகள் எல்லாவற்றையும் படித்தேன். கேள்வி எப்படி எழுந்தது என்பதை அப்போது சொல்லாமல் விட்டதால் சில அன்பர்கள் திருமண மண்டப மைக்செட்டை மனத்தில் வைத்து விடை எழுதிவிட்டார்கள். ஆகவே அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரலில் தமிழ்மொழி விழாவையொட்டி எங்கள் வட்டார இளையர்கள் சமூக மன்றத்தில் ஓர் இசை நிகழ்ச்சி நடத்தினார்கள். வேண்டிய பொருள்களின் பட்டியலைத் தமிழிலேயே எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான்தான். "பேஸ் கிட்டாருக்கு ஒலிபெருக்கி: 1" என்று எழுதினேன். நான் கருதியது ஆம்ப்ளிஃபையரை. பொருள்களை இரவல் வாங்கி வரும் பொறுப்பை ஏற்ற தம்பியோ, பத்து அங்குல ஸ்பீக்கர் நான்கு பொருத்திய ஒரு பெரிய பெட்டியைக் கொண்டுவந்து அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இறக்கினார். இருவர் சேர்ந்து பிடித்து மன்றத்து மின்தூக்கியில் ஏற்றிய அந்தப் பெட்டியில், சுவரில் செருகுவதற்கு ஒரு கம்பி கூட இல்லை. கடைசியில் கிட்டாரை, அதன் சைகையை ஏற்றபடி மாற்றித் தரும் டிஐ பெட்டி வழியாக, பல ஒலிகளைக் கலக்கும் மன்றத்தின் மிக்சரில் செருகி ஒப்பேற்றினோம். நிகழ்ச்சி நடந்தேறியது என்றாலும் வாசித்த பையனுக்குத் தான் வாசித்தது காதில் விழவில்லை. தம்பியைக் குறை சொல்ல வழியில்லை. அவர் கொண்டுவந்ததற்கும் தமிழில் ஒலிபெருக்கி என்றுதான் பெயர்.

இப்போது சொல்லுக்கு வருவோம். கிட்டாரின் கம்பி அதிர்வதால், அதன் அடியில் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பில் எழும் மின்சைகை பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் குறைவானது. அதே சைகை 8 ஓம் (மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பின் அளவு) ஸ்பீக்கர் ஒன்றுக்கு 200 வாட் கொடுக்க வேண்டுமானால் ஏறத்தாழ 40 வோல்ட்டாக உயர வேண்டும். இந்தப் பெருக்கலைச் செய்வது ஆம்ப்ளிஃபையர்; அது பெருக்குவது மின்சைகையை, ஒலியை அன்று. ஒலி பிறப்பது ஸ்பீக்கரில். ஆனால் அந்த ஸ்பீக்கர் எதையும் பெருக்குவதில்லை. தனக்கு வரும் மின்னாற்றலில் நூற்றில் சில பங்கை மட்டும் ஒலியாக்கிவிட்டு மீதியை வெப்பமாகக் கரைத்துவிடுகிறது. இவ்வளவு ஊதாரியான ஒரு பொருளுக்குப் 'பெருக்கி' என்று பெயர் வைத்தது நம் மொழியின் பெருந்தன்மை என்றுதான் கொள்ள வேண்டும்.

பொதுமேடையில் இந்தக் குழப்பம் யாரையும் துன்புறுத்துவதில்லை. கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி என்றால் முழுத் தொகுதியும் அடங்கிவிடும். அதை வாடகைக்கு விடுபவரே எல்லாவற்றையும் கொண்டுவந்து கட்டிவிடுவார். பேஸ் கிட்டார் வாங்குபவர் நிலை வேறு. அவர் ஆம்ப்ளிஃபையரைத் தனியாகவும் ஸ்பீக்கர்ப் பெட்டியைத் தனியாகவும் தேர்ந்தெடுத்து, ஒன்று மற்றதற்குப் பொருந்துமா என்று கணக்குப் பார்க்க வேண்டியவர். வால்வு (வெற்றிடக் குழாய்) வைத்த ஆம்ப்ளிஃபையர்களைப் பற்றி எல்லாரும் சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு: ஸ்பீக்கரை இணைக்காமல் அதை இயக்கினால் அதன் வெளியீட்டு மின்மாற்றி கெட்டுப்போகலாம். அந்த எச்சரிக்கையை இன்றைய வழக்குத் தமிழில் எழுதிப் பாருங்கள்: "ஒலிபெருக்கியை ஒலிபெருக்கியோடு இணைக்காமல் இயக்காதீர்கள்." இந்த வாக்கியம் திருந்தும்வரை நமக்குக் கலைச்சொல் கிடைத்துவிட்டதாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆம்ப்ளிஃபையருக்குப் 'பெருக்கி' என்பதே போதும் என்பது என் கருத்து. தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூல்களில் டிரான்சிஸ்டர் பெருக்கி என்று பல தலைமுறை மாணவர்கள் படித்துவிட்டார்கள். இலங்கைப் பாடநூல்களின் 'விரியலாக்கி'யை யாழ்ப்பாணத்து ஐயா நினைவூட்டினார். அது துல்லியமான சொல்தான்; ஆனால் பதினாறு வயதுப் பையன் அதைத் தானாகச் சொல்லுவான் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. பெருக்கி என்றால் துடைப்பம் நினைவுக்கு வருகிறது என்று அம்மையார் ஒருவர் கேலி செய்திருந்தார். வீட்டைப் பெருக்குவதும் எண்ணைப் பெருக்குவதும் ஒரே வினையாக இருந்தும் பள்ளிக்கூடத்தில் யாரும் இதுவரை வாய்ப்பாட்டைக் கொண்டு தரையைக் கூட்டவில்லை.

ஸ்பீக்கருக்கு 'ஒலிப்பான்' என்று இருவர் எழுதியிருந்தார்கள். தமிழகச் செய்தித்தாள்களில் பேருந்துகளின் காற்று ஒலிப்பான் பற்றிய புகார்கள் அடிக்கடி வருவதால் அந்தச் சொல் ஏற்கெனவே சாலைக்குப் போய்விட்டது. எனக்குப் பிடித்திருப்பது 'ஒலிவழங்கி'. மைக்கை ஒலிவாங்கி என்று நாம் தயங்காமல் சொல்கிறோம். வாங்குவதற்கு எதிர்ச்சொல் வழங்குவது. இது ஓசை நயத்துக்காக மட்டும் சொல்வதும் அன்று. காந்தத்தின் இடைவெளியில் அசையும் கம்பிச்சுருளைக் கொண்ட ஒலிவாங்கியும் சாதாரண ஸ்பீக்கரும் அடிப்படையில் ஒரே பொறி: ஒன்று அசைவை மின்சாரமாக்குகிறது, மற்றது மின்சாரத்தை அசைவாக்குகிறது. கணினித் துறையினர் சர்வரை வழங்கி என்பதால் குழப்பம் வரும் என்றால், பாட்டை இணையத்தில் ஓடவிடும் கணினிக்கு ஓடை வழங்கி என்று அவர்கள் வேறு பெயர் வைத்துக்கொள்ளட்டும்.

இனிப் பெட்டிக்கு வருகிறேன்; விவாதம் அதிகம் நடந்ததும் இங்கேதான். 'ஒலிப்பெட்டி' என்று சொல்லலாம் என்றார்கள். சுருதிப்பெட்டி பழகிய காதுக்கு அது இதமாகவும் இருக்கிறது. ஆனால் பேஸ் கிட்டாரைச் சுற்றி இருப்பவை எல்லாமே பெட்டிகள். பெருக்கி ஒரு பெட்டி, டிஐ ஒரு பெட்டி. மதுரை ஐயா யாழின் உறுப்பாகிய 'பத்தர்' என்ற பழஞ்சொல்லை எடுத்துத் தந்தார். தோல் போர்வை போர்த்த பத்தரில்தானே யாழ் நரம்பின் ஒலி திரண்டு வெளிவந்தது, ஸ்பீக்கர்ப் பெட்டியும் அதையே செய்கிறது என்பது அவர் வாதம். அந்த மடலைப் படித்த இரவு எனக்கும் அதுவே சரி என்று தோன்றியது. மறுநாள் காலையில்தான் ஐயம் வந்தது.

ஏனென்றால் பேஸ் பெட்டியின் முதல் வேலை ஒத்ததிர்வு அன்று, தடுப்பு. நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. ஐந்தாவது கம்பி இருந்தால் 31. சாதாரணக் கிட்டாரின் தாழ்ந்த கம்பிக்கு 82. 41 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் எட்டு மீட்டருக்கும் மேல், அதாவது நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கூடத்தைவிட நீளம். ஒலிவழங்கியின் கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே இழுக்கிறது. கூம்பை வெறுமனே பலகையில் நிறுத்தினால் பின்புறத்து அலை சுற்றி வந்து முன்புறத்து அலையை அழித்துவிடும். உயர்ந்த சுரங்கள் தப்பித்துக்கொள்ள, தாழ்ந்த சுரங்களே இதில் மாளும். முதுகு திறந்த சாதாரணக் கிட்டார் பெட்டியில் பேஸ் கிட்டாரை உரக்க வாசித்தால் ஒலி உடம்பில்லாமல் வருவதும், கூம்பு அளவுக்கு மீறி ஆடிக் கிழிய நேர்வதும் இதனால்தான். எனவே பின்னலையை அடைத்து வைக்கும் அந்த உறைக்குக் 'கூடு' என்பது பொருந்துகிறது: ஒலிக்கூடு. ஆனாலும் மதுரை ஐயா பாதி சரி. முன்பலகையில் அளவாகத் துளையிட்ட கூடுகள் உண்டு. கடத்தின் வாயைப் போல அந்தத் துளை குறிப்பிட்ட தாழ்சுரத்தில் ஒத்ததிர்ந்து, பின்னலையையும் முன்னலையோடு சேர்த்து வெளியே அனுப்புகிறது. அத்தகைய துளைக்கூட்டை மட்டும் பத்தர் என்றால் நான் மறுக்க மாட்டேன். மற்றபடி எங்கள் தலைமுறைக்குப் பத்தர் என்றால் தாலி செய்து தருபவர்.

எழுத்தைப் பற்றி ஒரு சொல். ஒலியைப் பெருக்கி என்று விரிவதால் ஒலிபெருக்கியில் வல்லினம் மிகாது. ஒலிக்கு உரிய கூடு ஆதலால் ஒலிக்கூட்டில் மிகும். ஒலிவழங்கியில் அந்தத் தொல்லையே இல்லை.

'பேஸ்' என்பதற்கும் சொல் வேண்டும் என்றார்கள். பழந்தமிழிசையில் மூன்று தானங்களை (ஸ்தாயிகளை), தாழ்ந்ததிலிருந்து தொடங்கி, மெலிவு, சமன், வலிவு என்பார்கள். அதன்படி நடந்தால் இது மெலிவுக் கிட்டார் ஆகும். அதற்கு 500 வாட் பெருக்கி வாங்கிக்கொடு என்று எந்தப் பிள்ளை அப்பாவிடம் கேட்பான்? தாழ்ந்த ஸ்தாயியின் இன்னொரு பெயராகிய மந்தரம் என்றால் வயிற்று மந்தம் எட்டிப்பார்க்கிறது. கார்வை அழகான சொல், ஆனால் சுரத்தை நீட்டி நிறுத்துவதற்கு அது ஏற்கெனவே பயன்பட்டு வருகிறது. வயலினை வயலின் என்றே ஏற்றுக்கொண்டு கச்சேரியில் உட்கார வைத்த நாம் பேஸ் கிட்டாரையும் அந்தப் பெயரோடு ஏற்பதில் குறையொன்றும் இல்லை. 1951-இல் லியோ ஃபெண்டர் விற்பனைக்குக் கொண்டுவந்த கருவி அது. அடுத்த ஆண்டே அதற்கென்று பேஸ்மேன் என்ற பெருக்கியும் வந்துவிட்டது.

இந்தச் சொற்கள் உண்மையில் உழைக்கின்றனவா என்று பார்க்க, தேர்வு செய்யும் முறையை அவற்றிலேயே எழுதிப் பார்த்தேன். பெருக்கியின் பின்புறத்தில், மாட்டும் கூடுகளின் மொத்தம் குறைந்தது 4 ஓம் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தால், 8 ஓம் ஒலிக்கூடுகள் இரண்டை இணையாக மாட்டலாம்; மொத்தம் பாதியாகி 4 ஓம் ஆகும். மூன்றாவதையும் மாட்டினால் மொத்தம் 2.7 ஓமுக்கு இறங்கிப் பெருக்கி சூடேறும். ஒரே ஒரு 8 ஓம் கூட்டை மட்டும் மாட்டினால் பெருக்கியின் முழு வாட்டும் வெளிவராது. வாட்டை மட்டும் பார்த்து வாங்குவதும் ஏமாற்றம் தரும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் அளந்தால் ஒரு கூடு 97 டெசிபெல்லும் (ஒலியின் உரத்தை அளக்கும் அலகு) இன்னொன்று 100 டெசிபெல்லும் தருமானால், அந்த 3 டெசிபெல் இரட்டிப்பு வாட்டுக்குச் சமம். நல்ல கூட்டோடு சேர்ந்த 250 வாட் பெருக்கி, மற்றதோடு சேர்ந்த 500 வாட் பெருக்கிக்கு ஈடாக ஒலிக்கும். பெருக்கியிலிருந்து கூட்டுக்குப் போகும் கம்பி தடித்த ஒலிவழங்கிக் கம்பியாக இருக்க வேண்டும். கிட்டாரில் செருகும் மெல்லிய உறையிட்ட கம்பி அங்கே ஆகாது. 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்விடி 300 வாட் வால்வுப் பெருக்கி. அதன் கூட்டில் பத்து அங்குல ஒலிவழங்கிகள் எட்டு. பெருக்கி மட்டுமே முப்பது கிலோவைத் தாண்டும். டி-வகுப்பு என்னும் இன்றைய வகைப் பெருக்கிகள் இரண்டு மூன்று கிலோவில் அதைவிட அதிக வாட் தருகின்றன. டாக்சியில் போய் இறங்கும் எங்கள் ஊர் இளையர்களுக்கு அதுவும், பத்து அங்குல ஒலிவழங்கிகள் இரண்டு கொண்ட ஓர் ஒலிக்கூடும் போதும். இந்தப் பத்தியில் ஓரிடத்திலும் நான் தடுக்கி விழவில்லை. 'ஒலிபெருக்கி' என்ற ஒரே சொல்லோடு முதலில் எழுதிப் பார்த்தபோது மூன்றாவது வாக்கியத்திலேயே விழுந்தேன்.

பெருக்கியும் ஒலிவழங்கியும் ஒரே உறையில் இருக்கும் காம்போவுக்கு யாரும் சொல் தரவில்லை. வீட்டில் பயிற்சி செய்பவர் வாங்குவது பெரும்பாலும் அதைத்தான். கீழ்வீட்டுக் கூரை வழியாகத் தாழ்சுரம் இறங்கிவிடும் அடுக்குமாடியில், காதணிபேசி (ஹெட்ஃபோன்) செருகும் துளையுள்ள 20, 30 வாட் காம்போவே அண்டை வீட்டாரின் நட்பைக் காக்கும். அதற்குக் 'கூட்டுப்பெருக்கி' என்று சொல்ல விரும்புகிறேன். கூட்டு என்றால் சேர்க்கை. கூடு வேற்றுமை ஏற்கும்போதும் கூட்டு ஆகிறது. இரண்டும் சேர்ந்த பெருக்கி என்றாலும் சரி, கூட்டுக்குள் இருக்கும் பெருக்கி என்றாலும் சரி, பொருள் ஒன்றே.

இணையம் என்ற சொல்லை எங்கள் ஊர் நா. கோவிந்தசாமி தந்தார் என்று இங்கே பெருமையோடு சொல்லுவோம். அது நிலைத்தது, எளிதாக வாயில் வந்ததால். என் நான்கு சொற்களுக்கும் அந்தச் சோதனை உண்டு. அடுத்த நிகழ்ச்சிக்கான பட்டியலில் இப்படி எழுதித் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன்: "பேஸ் கிட்டாருக்குப் பெருக்கி: 1, குறைந்தது 300 வாட். ஒலிக்கூடு: 1, 8 ஓம், பத்து அங்குல ஒலிவழங்கிகள் இரண்டு. ஒலிவழங்கிக் கம்பி: 1." படித்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: "அண்ணே, கூடு எவ்வளவு கனம்?" மாற்றுச் சொல் உள்ளவர்கள் எழுதுங்கள், மேலே உள்ள வால்வு எச்சரிக்கையை அந்தச் சொல்லால் எழுதிக் காட்டி அனுப்பினால் ஒப்பிட வசதியாக இருக்கும்.

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து உங்கள் குழு அன்பன்