புதுப்பிப்பு: சப் மீன் ரொட்டிக்கு வந்துவிட்டது

இங்கிலாந்துச் சிற்றோடையில் சப் (chub) என்னும் நன்னீர் மீன்கள் நிழல் பட்டாலே ஓடிவிடுகின்றன, என்ன வழி என்று கேட்டிருந்தேன். மார்ச் 15-ல் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 15-ஓடு முடிந்ததும் போய்ப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி: மீன் நீரோட்டத்தை எதிர்த்தே நிற்கும், அதனால் கீழ்ப்பக்கமிருந்து, அதன் முதுகுக்குப் பின்னால் போக வேண்டும். மிதவை இல்லை, ஈயக்குண்டு இல்லை. எதிர்முள் (மீன் கழன்றுவிடாமல் தடுக்கும் சிறு முனை) இல்லாத தூண்டிலில் ரொட்டியின் நடுப்பகுதியைக் கிள்ளிச் செருகி, வில்லோ மரத்தடிக்கு மிதந்துவர விட்டேன். வெளிறிய தடித்த உதடு மேலே வந்து ரொட்டியை அப்படியே உறிஞ்சியது. என்ன அழகான மீன்! கரும் ஓரமிட்ட பெரிய செதில்கள். ஈரக்கையால் பிடித்து, நீரோட்டத்தைப் பார்த்து நிறுத்தி, தானாக நீந்தும்வரை தாங்கியிருந்து விட்டேன். அப்புறம், இங்கே 13 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத் தூண்டில் உரிமம் கட்டாயம்.