போர்ட் பின்னாடிதான் பாக்கணும், வேற பேச்சே இல்ல (காடி, அதாவது கார் பூட்ல வைக்கிற பாஸ் ஸ்பீக்கர் பொட்டி; போர்ட்னா அதுல காத்து வெளிய வர்ற ஓட்டை)

விரா_சிப்புட்:
நேத்து நம்ம ஊரு சுங்கை சிப்புட் வாட்ஸாப் குரூப்ல ஒருத்தர் "பாஸ்க்கு திசையே கிடையாது, போர்ட்டை எந்தப் பக்கம் திருப்புனாலும் ஒரே சத்தம்தான்"னு வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்காரு, அதுக்குக் கட்டைவிரல் காட்ட ஒரு கூட்டம் வேற. எனக்குப் பொறுக்கல. தோட்டத்துல இருந்த காலத்துலேருந்து பலகை அறுத்து பொட்டி செய்றவன் நான். போர்ட் பின்னாடிதான் பாக்கணும், பூட் கதவைப் பாத்து. வூஃபரும் (பாஸ் ஸ்பீக்கர்) அப்படித்தான். சீட்டைப் பாத்து வச்சவன் காசு போட்டு இரைச்சல் வாங்குறான், அவ்வளவுதான்.

மைவி_தம்பி:
அந்த ஒருத்தர் நான்தான்ணே, பேரச் சொல்லியே திட்டலாம். 40 ஹெர்ட்ஸ்ல ஒரு அலை நீளம் எட்டரை மீட்டர். என் மைவி காடி மூக்குலேருந்து வால் வரைக்கும் நாலு மீட்டர் வராது. அலையே காடிய விட ரெண்டு மடங்கு பெருசு, அது எந்தப் பக்கத்துலேருந்து கிளம்புதுன்னு காதுக்கு எப்படித் தெரியும்?

விரா_சிப்புட்:
காதுக்குத் தெரியுமான்னு நான் கேக்கல. பொட்டிய திருப்பி வச்ச உடனே சத்தம் மாறுதே, அது எதுனால? படிச்ச புள்ள பதில் சொல்லு. பின்னாடி பாத்து வச்சா கதவுல பட்டு பூட் முழுக்க நிறைஞ்சு முன்னாடி வரும், நெஞ்சுல அடிக்கும். போர்ட் பின்னாடிதான் பாக்கணும்.

பழைய_சாகா:
ரெண்டு பேரும் எந்த காடிக்குப் பேசுறீங்க? விரா, சாகா ரெண்டு செடான் காடிக்கும் பூட் தனி. நடுவுல சீட்டு முதுகு, மேல ஸ்பீக்கர் பலகை, சத்தம் அதையெல்லாம் தாண்டி வரணும். சில பேரு அங்க சீட்டப் பாத்து வச்சு, பொட்டிய சுத்தி இருக்குற இடைவெளிய அடைச்சுடுவாங்க, பூட்டுக்குள்ள தகரம் அதிராது. மைவில அந்த அடைப்பே கிடையாது, பின் கதவத் திறந்தா உள்ளயே தெரியுது. முதல்ல அதப் பிரிச்சுப் பேசுங்கப்பா.

விரா_சிப்புட்:
எந்த காடியா இருந்தாலும் பின்னாடிதான்.

மைவி_தம்பி:
சரிண்ணே, அப்போ போன தீபாவளிக்கு என் கூட்டாளியோட சாகா காடிக்கு நீங்க செஞ்சு குடுத்த பொட்டியப் பத்திப் பேசுவோம். 57 லிட்டர், 33 ஹெர்ட்ஸ்ல டியூன், அதாவது போர்ட் அந்த நோட்டுலதான் நல்லா அதிரும்னு சொன்னீங்க. அது காலிப் பொட்டியோட கணக்கு. வூஃபர் பின்பக்கம் மூணு லிட்டர், பலகையால கட்டுன நீளப் பிளவு மாதிரி ஸ்லாட் போர்ட் அந்தப் பலகையோட சேத்து பதினோரு லிட்டர், மிச்சம் 43தான் நிக்குது. அதே நீள போர்ட்டுக்கு டியூனிங் 38 கிட்ட ஏறிடுச்சு. அதனாலதான் ஒரே நோட்டுல "டொம் டொம்"னு அடிக்குது. திசையில ஒண்ணும் இல்ல, கழிக்க மறந்துட்டீங்க.

விரா_சிப்புட்:
மறந்தேனா? பொட்டிய வாங்கிட்டுப் போனவன் சந்தோஷமாத்தான் போனான், இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. உனக்கு என்ன வலிக்குது? உன் வீட்டுப் பொட்டி மரத்தூள் ஒட்டுன சிப்போர்ட்ல செஞ்சது, பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில வாங்குனது, பூட்ல மழைத்தண்ணி இறங்குன உடனே ஓரமெல்லாம் ஊதி ஸ்குரூ பிடிக்காம கையோட வந்துச்சே, அத நான்தானே பாத்தேன். 18 எம்எம் எம்டிஎஃப் பலகையில அறுத்து, பசை போட்டு, உள்மூலையில சிலிகான் இழுத்துட்டு வந்து பேசு. அப்புறம் இன்னொண்ணு, என் ஜிக்சா ரம்பத்த இரவல் வாங்கி பிளேட ஒடச்சுக் குடுத்தது யாரு?

மைவி_தம்பி:
பிளேடு ஏற்கனவே வளைஞ்சிருந்துச்சு.

விரா_சிப்புட்:
புது பிளேடு!!

தாமான்_கடைசி_வீடு:
நீங்க முன்னாடி வைங்க பின்னாடி வைங்க, ராத்திரி பதினொரு மணிக்கு வர்றப்ப அந்த நம்பர் பிளேட்டு தகரம் "ஜர்ர்ர்"னு அடிக்குதே, அதுக்கு ஏதாவது செய்யக் கூடாதா? எங்க அம்மா எழுந்து உக்காந்துடுறாங்க.

விரா_சிப்புட்:
அது என் விரா இல்ல சகோதரி. என் பூட் மூடிக்கு உள்பக்கமா அதிர்வ அமுக்குற பியூட்டில் ஷீட் ஒட்டி, பிளேட்டுக்குப் பின்னாடி பஞ்சு வச்சிருக்கேன். நீங்க கேக்குறது மைவி.

மைவி_தம்பி:
ஏன்ணே பொய்? அக்கா, நான் ஒன்பது மணிக்கு மேல கேட்டுக்குள்ள வந்தா சத்தத்தையே நிப்பாட்டிடுவேன்.

பழைய_சாகா:
அத விடுங்க. பின்னாடி பாத்தே வைங்க, ஆனா போர்ட் வாய்க்கு முன்னாடி இடம் விட்டீங்களா? போர்ட் அகலம் அஞ்சு செண்டின்னா கதவுக்கும் வாய்க்கும் குறைஞ்சது அந்த அஞ்சு செண்டியாவது வேணும், கூட இருந்தா இன்னும் நல்லது. ஒட்டி வச்சா போர்ட் நீண்ட மாதிரி ஆகி டியூனிங் கீழ இறங்கும், காத்து "புஸ்ஸு"ன்னு இரையும்.

மைவி_தம்பி:
இதத்தான் நானும் சொல்றேன், தூரம்தான் விஷயம், திசை இல்ல.

விரா_சிப்புட்:
நீ அப்படி எங்கயும் சொல்லல, மேல போய் படி. நீ சொன்னது எந்தப் பக்கம் திருப்புனாலும் ஒண்ணுன்னு. இப்போ அவரு சொன்னத உன் பேச்சா மாத்துற. இப்படித்தான் போன வருஷம் 25 ஹெர்ட்ஸ் பாட்டு போடுறேன்னு ரொம்பக் கீழ போற சத்தத்த வெட்டுற சப்சோனிக் ஃபில்டர் இல்லாம முறுக்குன, டியூனிங்குக்குக் கீழ போனா வூஃபர் கோனைத் தாங்க பொட்டிக்குள்ள காத்து நிக்காதுடான்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா? 12 இஞ்சி வூஃபர் கிழிஞ்சு ஈப்போவுக்குத் தூக்கிட்டு ஓடுன. அப்பவும் என் பேச்சுதான் சரியா வந்துச்சு, இப்பவும் அதான். போர்ட் பின்னாடிதான் பாக்கணும்.

மைவி_தம்பி:
வூஃபர் கிழிஞ்சதுக்கும் போர்ட் திசைக்கும் என்ன சம்பந்தம்? ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடத் திடலுக்கு உங்க விராவ எடுத்துட்டு வாங்க. என் பொட்டிய முன்னாடியும் வைக்கிறேன், பின்னாடியும் வைக்கிறேன். கண்ண மூடிக்கிட்டு டிரைவர் சீட்டுல உக்காந்து எது எதுன்னு சொல்லுங்க.

பழைய_சாகா:
டேய் மைவில சோதிச்சா அது மைவிக்குத்தான்டா செல்லும்.

விரா_சிப்புட்:
நான் எதுக்கு உன் சிப்போர்ட் பொட்டியில காது வைக்கணும்? என் விராவுல வந்து உக்காரு. போர்ட் எங்க பாத்து இருக்குன்னு பூட்டத் திறந்தே காட்டுறேன். வர்றப்ப ஜிக்சா பிளேடு ஒண்ணு வாங்கிட்டு வா.