எரிமலைக் காட்டில் ஓட, நம்ம ஊரில் எங்கே பழகலாம்?

கேள்வி (அம்பாசமுத்திரம்):
அண்ணாச்சிமாரே, ரீயூனியன் தீவுக்குப் போகிறேன். அங்கே எரிமலைக் காட்டில் ஓடையை ஒட்டி ஓட ஆசை. இதுவரை தார் ரோடுதான். பழக முண்டந்துறைக்குள் போகலாமா?

பதில் (கல்லிடைக்குறிச்சி):
வேண்டாம் தம்பி. 1988 முதல் அது புலிகள் காப்பகம், அனுமதியில்லாமல் நுழையக்கூடாது. எனக்குப் புலியைவிடக் கரடியிடம்தான் பயம். விடியற்காலையில் திடீரென்று எதிரே போய் நின்றால் மிரண்டு பாய்ந்துவிடும்.

கன்னடியன் கால்வாய்க் கரைக்கு வாருங்கள். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். மழைக்கு அப்புறம் களிமண் ஷூவில் அப்பிக் கனக்கும். அப்போதுதான் ஓட வேண்டும். எட்டு வைப்பதைச் சின்னதாக்குங்கள், குதிகாலை அழுத்தி ஊன்றாதீர்கள். அந்தத் தீவிலும் மழையும் சேறும் அதிகம்.

பதில் (பாபநாசம்):
பாறையைச் சொல்ல விட்டுவிட்டீர்களே! அங்கே இருப்பது எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட். புதிதாக இறுகியது சொரசொரப்பு, விழுந்தால் உள்ளங்கைத் தோல் உரிந்துவிடும். ஓடை தேய்த்த பாறையோ பாசி பிடித்து வழுக்கும். அதற்கு நம் படித்துறையின் கடைசிப் படியில் நின்று பழகுங்கள், ஆனால் வெள்ளம் வரும் ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
சரி அண்ணாச்சி, ஞாயிறு காலை கால்வாய்க் கரைக்கு வருகிறேன். கையுறையும் வாங்கிவிடுகிறேன்.