பழைய சிடிஜி 11 ரிலேவுக்கு மேனுவல் தேவை – டெஸ்டில் நேரம் பாதியைவிடக் குறைவாக வருகிறது

கேள்வி

வணக்கம். எங்கள் 11 கேவி பேனல் ஒன்றில் வட்டு சுழலும் வகைப் பழைய பாதுகாப்பு ரிலேக்கள் (கோளாறு வந்தால் பிரேக்கரைத் திறக்க வைப்பவை) மூன்று இருக்கின்றன. இரண்டு ஓவர்கரண்ட்டுக்கு (அளவுக்கு மீறிய கரண்ட்), ஒன்று எர்த் ஃபால்ட்டுக்கு (மண்ணுக்குக் கரண்ட் பாய்வது). பெயர்ப்பலகையில் "இங்கிலிஷ் எலக்ட்ரிக்", "சிடிஜி 11" என்பது வரை படிக்க முடிகிறது. அதற்குப் பின்னால் வரும் எழுத்துகள் மங்கிவிட்டன. பேனலோடு வந்த மேனுவல், டெஸ்ட் ரிப்போர்ட் எதுவும் எங்களிடம் இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஓய்வு பெற்றுப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது.

இந்த ஃபீடருக்கு (பேனலிலிருந்து மின்சாரம் போகும் லைன்) கீழே புதிதாக ஒரு நியூமெரிக் (டிஜிட்டல்) ரிலே பொருத்தப் போகிறோம். அதற்காக முதல் முறையாக இந்தப் பழைய ரிலே ஒன்றுக்கு, வெளியிலிருந்து கரண்ட் செலுத்தி நேரம் பார்க்கும் இன்ஜெக்‌ஷன் டெஸ்ட் செய்தேன். ப்ளக் செட்டிங் (எந்தக் கரண்ட்டுக்கு மேல் இயங்க வேண்டும் என்பது) 100%, டைம் மல்டிப்ளையர் (நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் பெருக்கி) 1.0. வந்த நேரம்:

2 மடங்கு கரண்ட் – 4.4 நொடி
5 மடங்கு – 1.9 நொடி
10 மடங்கு – 1.3 நொடி

நான் படித்த ஐடிஎம்டி (கரண்ட் கூடக் கூட நேரம் குறையும் வகை) அட்டவணைப்படி இவை 10.0, 4.3, 3.0 நொடி என்று வந்திருக்க வேண்டும். வட்டின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிரேக் காந்தம் வலுவிழந்துவிட்டதா, ஸ்பிரிங் கெட்டுப்போனதா என்று தெரியவில்லை. மேனுவல் கிடைத்தால் பிரித்துப் பார்த்துச் சரிசெய்யலாம் என்று நினைக்கிறேன். இரண்டு நாளாக இணையத்தில் தேடுகிறேன். விற்பனைக்கு இருக்கும் பழைய ரிலேக்களின் படங்கள்தான் வருகின்றன. யாரிடமாவது இருக்கிறதா?

பதில் 1

தம்பி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மேனுவல் கையில் வரும்வரை அந்த ரிலேயின் எந்த ஸ்க்ரூவையும் தொடாதீர்கள். ஸ்பிரிங், காந்தம் இரண்டும் தயாரித்த இடத்திலேயே அளந்து நிறுத்தப்பட்டவை. ஒருமுறை நகர்த்திவிட்டால் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது பெரும்பாடு.

இனித் தேடலுக்கு வருவோம். நீங்கள் "இங்கிலிஷ் எலக்ட்ரிக்" என்று மட்டும் போட்டுத் தேடியிருப்பீர்கள். அந்த நிறுவனம் 1968-லேயே ஜிஇசியோடு இணைந்துவிட்டது. அதன் பிறகு இதே ரிலே ஜிஇசி மெஷர்மென்ட்ஸ் என்ற பெயரில் நெடுங்காலம் வந்தது. 1989-ல் அது ஜிஇசி அல்ஸ்தோம் ஆனது, 1998-ல் அல்ஸ்டாம். 2004-ல் அந்தப் பிரிவு அரேவாவிடம் போனது. 2010-ல் அல்ஸ்டாமும் ஷ்னைடரும் அதைப் பங்கு போட்டுக்கொண்டன. அல்ஸ்டாமிடம் போன பங்கை 2015-ல் ஜிஇ வாங்கியது. உள்ளே இருக்கும் வட்டும் சுருளும் அதேதான், மேனுவலின் அட்டையில் இருக்கும் பெயர் மட்டும் பல முறை மாறியிருக்கிறது. ஆகவே சிடிஜி 11 என்பதை இந்தப் பெயர்கள் ஒவ்வொன்றோடும் சேர்த்துத் தனித்தனியாகத் தேடுங்கள். பிடிஎஃப் கோப்புகளை மட்டும் காட்டும்படி தேடினால் விற்பனைப் படங்கள் விலகிவிடும்.

இன்னொரு விஷயம். இந்த ரிலேக்களின் பெயரே ஒரு குறிப்பேடு மாதிரி. முதல் எழுத்து எதனால் இயங்குகிறது என்பதைச் சொல்லும்: சி என்றால் கரண்ட், வி என்றால் வோல்டேஜ். இரண்டாவது எழுத்து உள்ளே இருக்கும் அமைப்பு: ஏ என்றால் ஆர்மேச்சரை இழுக்கும் வகை, டி என்றால் இண்டக்‌ஷன் வட்டு. மூன்றாவது அதன் பயன். சிடிஜி என்றால் கரண்ட்டில் இயங்கும், வட்டு உள்ள, பொதுப்பயன் ரிலே. சிஏஜி என்றால் அதே வேலைக்கு ஆர்மேச்சர் வகை, அதாவது உடனடியாக இழுப்பது. சிடிடி என்றால் திசை பார்க்கும் ஓவர்கரண்ட். 11-க்குப் பின்னால் வரும் எழுத்துகள்தான் எந்த ரகம், எந்த ரேஞ்ச் என்று பிரித்துக் காட்டுபவை. அதனால் அந்த மங்கிய பகுதியை எப்படியாவது படித்தே ஆக வேண்டும். தேய்த்துத் துடைக்காதீர்கள். டார்ச்சைப் பக்கவாட்டில், பலகைக்கு ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். பொறித்த எழுத்தாக இருந்தால் நிழலில் தெரிந்துவிடும்.

பதில் 2

நண்பரே, உங்கள் எண்களைப் பார்த்ததும் எனக்கு வேறு ஒன்று தோன்றியது. 4.4-ஐ 10-ஆல் வகுத்தால் 0.44. 1.9-ஐ 4.3-ஆல் வகுத்தாலும் 0.44. 1.3-ஐ 3-ஆல் வகுத்தால் 0.43. மூன்று இடத்திலும் ஏறக்குறைய ஒரே விகிதம். உங்கள் ரிலே கெட்டுப்போகவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

சிடிஜி 11 இரண்டு ரகமாக வந்தது. ஒன்று 10 மடங்கு கரண்ட்டில் 3 நொடி எடுப்பது. மற்றொன்று அதே 10 மடங்கில் 1.3 நொடி எடுப்பது. பழைய காகிதங்களில் 3/10, 1.3/10 என்று எழுதியிருப்பார்கள். நீங்கள் வைத்திருக்கும் அட்டவணை 3/10-க்கு உரியது, ரிலே 1.3/10 ஆக இருக்கலாம்.

மேனுவல் கிடைக்காவிட்டாலும் 3/10 ரகத்தின் கோடு (எந்தக் கரண்ட்டுக்கு எவ்வளவு நேரம் என்று காட்டும் வரைகோடு) நம் கையில்தான் இருக்கிறது. அது ஐஇசி 60255 என்ற சர்வதேசத் தரத்தில் உள்ள ஸ்டாண்டர்ட் இன்வர்ஸ். செட்டிங்கின் எத்தனை மடங்கு கரண்ட் என்பதை 0.02 அடுக்குக்கு உயர்த்தி, அதில் 1 கழித்து, வரும் எண்ணால் 0.14-ஐ வகுத்து, டைம் மல்டிப்ளையரால் பெருக்கினால் நேரம் வந்துவிடும். 2 மடங்குக்கு 10.03, 5 மடங்குக்கு 4.28, 10 மடங்குக்கு 2.97. நிறுவனம் மறைந்தாலும் தரம் மறையாது. பழைய கருவி எதுவானாலும் அது எந்தத் தரத்தின்படி செய்யப்பட்டது என்று பெயர்ப்பலகையில் பார்ப்பது என் முதல் வேலை.

பதில் 3

மேலே சொன்ன விகிதக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரேக் காந்தம் வலுவிழந்தாலும் வட்டு எல்லாக் கரண்ட்டிலும் அதே விகிதத்தில்தான் வேகமாகச் சுழலும். ஆகவே ஒரு ரிலேயின் எண்களை மட்டும் வைத்து "வேறு ரகம்" என்றோ "காந்தம் போச்சு" என்றோ சொல்ல முடியாது.

மற்ற இரண்டையும் டெஸ்ட் செய்து பாருங்கள். மூன்று காந்தங்களும் ஒரே அளவுக்குப் பலவீனமாவது நடக்காத காரியம். மூன்றும் 1.3 பக்கத்தில் வந்தால் ரகம்தான் காரணம். ஒன்று மட்டும் விலகினால் அதில் கோளாறு. எர்த் ஃபால்ட் ரிலேயில் ப்ளக் அளவுகள் சிறியவை. ஆம்பியரை ஒப்பிடாமல் மடங்கை ஒப்பிடுங்கள்.

டெஸ்ட் செய்யும்போது சில எச்சரிக்கைகள். ஃபீடரை நிறுத்த முடியுமானால் நிறுத்திவிட்டே செய்யுங்கள். முடியாவிட்டால் சி.டி. (ரிலேக்குக் கரண்ட் தரும் கரண்ட் ட்ரான்ஸ்ஃபார்மர்) செகண்டரியை டெஸ்ட் பிளாக்கில் ஷார்ட் செய்யாமல் ரிலேயை உருவாதீர்கள். உருவினால் கேஸில் உள்ள ஷார்ட்டிங் கான்டாக்ட் தானாக மூடும் என்பது சரிதான், ஆனால் இத்தனை வருடப் பழைய கான்டாக்டை நம்பி ஓடும் சி.டி.யைத் திறப்பது உயிரோடு விளையாடுவது. பிரேக்கரைத் திறக்கும் ட்ரிப் இணைப்பையும் கழற்றிவிடுங்கள். 5 ஆம்பியர் ரிலேயில் 100% செட்டிங்கில் 10 மடங்கு என்றால் 50 ஆம்பியர். சுருள் சூடாகிவிடும். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் நடுவில் ஆற விடுங்கள், வட்டும் முழுவதுமாகத் திரும்பி வரட்டும்.

வட்டுக்கும் காந்தத்துக்கும் நடுவே இரும்புத்தூள் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் வட்டு உரசி நேரம் கூடும், குறையாது. பேரிங்குக்கு எண்ணெய் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேட்டவர்

ஐயா, எல்லோருக்கும் மிக்க நன்றி. ஸ்க்ரூடிரைவரோடு தயாராக இருந்தேன், நல்லவேளை முதலில் இங்கே கேட்டேன்.

ஃபீடரை நிறுத்த அனுமதி வாங்கி மூன்றையும் டெஸ்ட் செய்துவிட்டேன். 10 மடங்கில் 1.31, 1.33, 1.29 நொடி. இரும்புத்தூள் இல்லை. டார்ச்சைச் சாய்த்துப் பார்த்ததில் 11-க்குப் பின்னால் ஏ, எஃப் என்ற இரண்டு எழுத்துகள் தெரிகின்றன, அதற்கு மேல் உறுதியாகப் படிக்க முடியவில்லை. ரகம்தான் காரணம் என்று எனக்கும் படுகிறது. ஆனாலும் எழுத்தில் ஓர் ஆதாரம் இல்லாமல் செட்டிங் மாற்றக் கையெழுத்துப் போட மாட்டோம் என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

பதில் 4

நான் ரிலே ஆள் இல்லை. பழைய அளவைக் கருவிகளைப் பழுது பார்க்கிறேன். மேனுவல் தேடுவதே என் பாதி வேலை என்பதால் சொல்கிறேன்.

ஒரே கருவிக்குப் பல வகை ஆவணங்கள் உண்டு. விற்பனைக் கேட்லாக், இயக்கும் முறை, பழுதுபார்க்கும் மேனுவல், உதிரிப்பாகப் பட்டியல் என்று தனித்தனியாக இருக்கும். உங்களுக்கு வேண்டியது எந்த ரகத்துக்கு எந்தக் கோடு என்ற ஒரே விவரம்தான். அது பழுதுபார்க்கும் மேனுவலைவிடக் கேட்லாக்கில் கிடைக்க வாய்ப்பு அதிகம். கேட்லாக் பல பிரதிகள் அச்சாகி ஊரெல்லாம் போயிருக்கும். இன்டர்நெட் ஆர்க்கைவில் ஸ்கேன் செய்த பழைய கேட்லாக்குகள் நிறைய இருக்கின்றன. நிறுவனத்தின் பழைய இணையப் பக்கம் அழிந்திருந்தால் அங்கேயே வேபேக் மெஷினில் அந்த முகவரியைப் போட்டுப் பாருங்கள், சில சமயம் பிடிஎஃப் கோப்பும் சேர்ந்தே சேமிக்கப்பட்டிருக்கும்.

கிடைத்த மேனுவல் உங்கள் கருவியின் பதிப்புக்கு உரியதுதானா என்று பார்ப்பதும் முக்கியம். என் துறையில் ஹியூலட் பேக்கர்ட் கருவிகள் இதற்கு நல்ல உதாரணம். அந்தப் பிரிவு 1999-ல் அஜிலென்ட் ஆகி, 2014-ல் கீசைட் ஆனது, பழைய மேனுவல்கள் பலவற்றைக் கீசைட் தளத்திலேயே எடுக்கலாம். ஆனால் அதே மாடல் எண்ணில் உள்ளே சர்க்யூட் மாறியிருக்கும். பழைய சீரியல் எண்ணின் முதல் நான்கு இலக்கங்களில்தான் அது தெரியும். முதல் இரண்டோடு 1960-ஐக் கூட்டினால் வருடம், அடுத்த இரண்டு வாரம். 2215 என்று தொடங்கினால் 1982-ன் 15-வது வாரத்தில் வந்த மாற்றம். மேனுவலின் முன்பக்கத்தில் எந்த சீரியல் வரிசைக்கு என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்க்காமல் வேறு சர்க்யூட்டை வைத்துக்கொண்டு ஒரு வாரம் முழுக்க நான் அலைந்திருக்கிறேன். பணம் கட்டி ஸ்கேன் வாங்குவதாக இருந்தால் இந்த ஒரு பக்கத்தை முதலில் காட்டச் சொல்லுங்கள்.

பதில் 1

இவர் சொல்வது சரி. நானும் ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். ரிலே ஒரு நிறுவனம் செய்தது, பேனல் வேறொருவர் கட்டியது. பேனல் கட்டியவர் ஆர்டர் போடும்போது ரிலேயின் ரகத்தை எழுதித்தான் ஆக வேண்டும். பேனலுக்குள்ளே, கதவின் உட்புறத்தில், அல்லது டெர்மினல் பெட்டிக்கு மேலே இன்னொரு சின்னத் தகடு இருக்கும். அதில் வேலை எண்ணோ வரைபட எண்ணோ இருக்கும். அந்த எண்ணை வைத்து அலுவலகத்தில் பழைய ட்ராயிங்குகளைத் தேடுங்கள். பராமரிப்புப் பிரிவில் இல்லாவிட்டால் சிவில் பிரிவு, ஸ்டோர், கணக்குப் பிரிவு என்று கேளுங்கள். பேனல் வாங்கிய கோப்பு எங்கோ ஒரு அலமாரியில் இருக்கத்தான் செய்யும். காகிதத்தைத் தூக்கிப் போடுகிறவர்களைவிட இடம் மாற்றி வைக்கிறவர்கள்தான் அதிகம் என்பது என் அனுபவம்.

கேட்டவர்

கிடைத்துவிட்டது ஐயா!

கேபிள் அறைப் பக்கம் கதவின் உட்புறத்தில் தகடு இருந்தது. அந்த எண்ணோடு ஸ்டோரில் கேட்டேன். நீலப் பிரிண்ட் சுருள்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. ஒன்பதாவது சுருள் எங்கள் பேனல். ஓரத்தில் உள்ள உபகரணப் பட்டியலில் "ஐடிஎம்டி ரிலே, சிடிஜி 11, 1.3 செகண்ட், 3 எண்ணிக்கை" என்று தெளிவாக இருக்கிறது. பதில் 4 சொன்னபடி தேடி ஜிஇசி பெயரில் ஒரு கேட்லாக் ஸ்கேனும் எடுத்தேன். அதில் இரண்டு கோடுகளும் வரைந்திருக்கின்றன, என் எண்கள் கீழே உள்ள கோட்டின் மேலேயே விழுகின்றன. இரண்டையும் காட்டினேன், ஒப்புக்கொண்டார்கள்.

ஒரே ஒரு சந்தேகம். இப்போது டைம் மல்டிப்ளையர் 0.3-ல் இருக்கிறது. இதை மாற்ற வேண்டுமா?

பதில் 2

மகிழ்ச்சி. அதை அவசியம் பார்க்க வேண்டும். 0.3-ல் 10 மடங்குக்கு 0.89 நொடி வரும் என்று 3/10 அட்டவணையை வைத்து யாரோ நினைத்திருக்கலாம். உண்மையில் 0.39 நொடிதான் வருகிறது. கீழே வரும் புதிய ரிலே அதே ஃபால்ட்டுக்கு 0.5 நொடி எடுத்தால், மேலே உள்ள இது முந்திக்கொண்டு ட்ரிப் ஆகி மொத்த ஃபீடரும் போய்விடும். 0.89 நொடி வேண்டுமானால் மல்டிப்ளையர் 0.7 பக்கத்தில் இருக்க வேண்டும். மேலே ஒரு வட்டு ரிலே இருக்கும்போது இரண்டுக்கும் நடுவே 0.4 நொடி இடைவெளியாவது விடுவது வழக்கம், ஃபால்ட் நின்ற பிறகும் வட்டு கொஞ்சம் ஓடும் என்பதால். ஆனால் அப்படிக் கூட்டும்போது அதற்கும் மேலே உள்ள இன்கமர் (பேனலுக்கு மின்சாரம் உள்ளே வரும் பக்கம்) ரிலேயோடும் ஒருமுறை ஒப்பிட்டுவிட்டு மாற்றுங்கள். இன்கமரில் இருப்பது எந்த ரகம்?

கேட்டவர்

அதுவும் சிடிஜிதான். அதே சுருளில் பார்த்தேன், அதற்கு 3 செகண்ட் என்று போட்டிருக்கிறது. நாளை அதையும் டெஸ்ட் செய்துவிட்டு எண்களை இங்கே போடுகிறேன். ட்ராயிங்கைப் படம் எடுத்துவிட்டேன், ஒரு பிரதியை லேமினேட் செய்து பேனல் கதவுக்குள் ஒட்டப்போகிறேன்.