வெள்ளைக் கிளை விதையில் எல்லாமே வெள்ளை நாற்று, ஏன்?

மாடித்தோட்டம்:
எங்கள் வீட்டு அந்திமந்தாரையில் இலைகள் பச்சையும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாக இருக்கும், ஒரு கிளை மட்டும் முழு வெள்ளை. அதன் பூவுக்குப் பச்சைச் செடியின் மகரந்தத்தைத் தடவி விதை எடுத்துப் போட்டேன். முளைத்ததெல்லாம் வெள்ளை, பத்து நாள்கூடத் தாங்கவில்லை. அப்பாவின் பச்சை எங்கே போயிற்று?

இலைநரம்பு:
1909-இல் கார்ல் காரென்ஸ் என்ற தாவரவியலாளர் இதே செடியில் பார்த்ததைத்தான் நீங்களும் பார்த்திருக்கிறீர்கள்! இலைச் செல்லுக்குள் பச்சை நிறம் தந்து உணவு தயாரிக்கிற சின்ன உறுப்புதான் பசுங்கணிகம். அதற்குத் தனி டிஎன்ஏ உண்டு, இந்தச் செடியில் பசுங்கணிகம் தாய் வழியாக மட்டுமே இறங்கும். கிளையில் இருந்தது பழுதான கணிகம், பிள்ளைக்கும் அதுவே. முளைத்தது விதையில் இருந்த சேமிப்பால்.

மாடித்தோட்டம்:
சரி, நாள் முழுக்க வெயிலிலும் ஆக்சிஜனிலும் கிடக்கிற டிஎன்ஏ கெட்டுக்கொண்டே அல்லவா இருக்க வேண்டும்? மற்ற செடிகள் எப்படிப் பச்சையாக இருக்கின்றன?

நாற்றங்கால்:
இருப்பது ஒரு பிரதி இல்லையே, ஒரு இலைச் செல்லில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கும். ஒன்றில் பிழை விழுந்தால் பக்கத்து நல்ல பிரதியைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். ரெக்ஏ, எம்எஸ்எச்1 போன்ற புரதங்கள் அந்த வேலைக்குத்தான். எம்எஸ்எச்1 பழுதான அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியில் இலை திட்டுத்திட்டாகிறது. இந்தப் புரதங்களின் மரபணு இருப்பதோ செல்லின் உட்கருவில்! புகையிலைப் பசுங்கணிக டிஎன்ஏ ஏறத்தாழ 1,56,000 எழுத்து நீளம், மரபணு நூற்றுச் சொச்சம்தான், ஆனால் உள்ளே உழைக்கிற புரதங்கள் ஆயிரக்கணக்கில். மீதியெல்லாம் உட்கருவின் மரபணுப்படி செய்து உள்ளே அனுப்பப்படுபவை.

இலைநரம்பு:
தன் மரபணுவைப் படிக்கக்கூட அதற்குத் துணை வேண்டும். மரபணுவை ஆர்என்ஏவாகப் படியெடுக்கும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸ் அங்கே இரண்டு வகை. பாக்டீரியா வகையின் முக்கியத் துண்டுகள் கணிகத்திலேயே எழுதப்பட்டவை, ஆனால் எங்கே தொடங்குவது என்று காட்டும் சிக்மா காரணிகள் உட்கருவிலிருந்து வர வேண்டும். இன்னொரு பாலிமரேஸ் முழுக்க உட்கருவின் ஆள். படியெடுத்த பிறகும் விடுவதில்லை: மக்காச்சோளப் பசுங்கணிகத்தின் ஆர்பிஎல்2 என்ற மரபணுவின் தொடக்கம் ஏசிஜி என்றிருக்கிறது, ஆர்என்ஏவில் அந்த சி-யை யு ஆக்கி ஏயுஜி என்ற தொடக்கக் குறியாக மாற்றினால்தான் புரதம் செய்யவே தொடங்கும். ஒளிச்சேர்க்கையில் உழைத்து வெயிலில் அடிக்கடி அடிபடும் டி1 புரதம் வேறு கதை. அதன் ஆர்என்ஏ தயாராகவே கிடக்கும், வெளிச்சம் பட்டதும் உற்பத்தி கூடும்.

நாற்றங்கால்:
அடுத்த முறை தலைகீழாகச் செய்யுங்கள், பச்சைக் கிளைப் பூவுக்கு வெள்ளைக் கிளை மகரந்தம். நாற்றெல்லாம் பச்சையாக வரும். மொட்டு விரியும் முன்பே, பிற்பகலில், மகரந்தப் பையைக் கிள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் தானே கருவுற்றுவிடும்.

மாடித்தோட்டம்:
அடடா, போன முறை கிள்ளவே இல்லையே!