ஃபித்ரா அரிசி: உங்கள் பெருநாள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காயல்பட்டினத்துக்காரன்:
முப்பதாம் நோன்பு, அஸர் என்ற மாலைத் தொழுகை முடிந்த நேரம். நோன்புப் பெருநாளுக்கு ஏழைகளுக்குக் கொடுக்கும் கடமையான தர்மமான ஃபித்ரா அரிசியை வாப்பா என் தலையில் ஏற்றி, தனியாக இருக்கும் ஒரு மாமி வீட்டுக்கு அனுப்பினார். மாமி தன் உலைக்கு வேண்டியதை முதலில் ஒதுக்கினார். அப்புறம் மீதியைப் படியால் அளந்தார். ஒவ்வொரு படியையும் உள்ளங்கையால் தலை வழித்து, ஒரு துணிப்பையில் கொட்டி என்னிடம் நீட்டினார். "இது என்னோட ஃபித்ரா வாப்பா. அடுத்த வீட்டுல கொடுத்துடு." வாங்க மனசே வரவில்லை. நீட்டிய கையை அவர் இறக்கவும் இல்லை. எத்தனையோ பெருநாள் போய்விட்டது, அந்தப் பை மட்டும் மனசை விட்டுப் போகவில்லை.

வாணியம்பாடி பாய்:
அவருக்கு யாராவது எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும் பாய். நிஸாப், அதாவது மார்க்கம் குறித்த குறைந்தபட்ச அளவு சொத்து உள்ளவர்மீதுதான் ஃபித்ரா கடமை. அந்த அரிசியை அவரே பொங்கிச் சாப்பிட்டிருக்கலாம். எங்கள் ஊரில் ஈத்கா என்ற பெருநாள் தொழுகைத் திடலுக்குப் போகும் வழியில் ஒரு பெரியவர் கையில் யாரோ ஃபித்ரா பணத்தை வைத்தார்கள். "இப்போ கொடுத்தா நான் எந்தக் கடைக்குப் போறது, எப்போ சமைக்கிறது?" என்று கேட்டார். கொடுத்தவர் நிற்கவே இல்லை.

கீழக்கரைப் பெண்:
பாய், நீங்கள் சொல்வது ஹனஃபி என்ற சட்டப் பிரிவின் சட்டம். காயலில் ஷாஃபி பிரிவு. பெருநாள் இரவுக்கும் பகலுக்கும் உள்ள தேவை போக மிஞ்சினால் ஏழைக்கும் கடமைதான். அது கடமையாகும் நேரமான மஃரிபுக்கு, அதாவது சூரியன் மறைவதற்கு, முன்பே அரிசி அவர் கைக்கு வந்துவிட்டதே! மாமி செய்தது சரி. கடைசி நோன்பன்று மஃரிபுக்குச் சற்று முன் என் தங்கைக்குப் பிள்ளை பிறந்தது. பேர் வைக்கும் முன்னே உம்மா அதற்கும் ஒரு ஸாவு, அதாவது ஓர் ஆளுக்கான ஃபித்ரா அளவு, அரிசி அளந்துவிட்டார். பிள்ளையின் எடையும் அந்த அரிசியின் எடையும் ஏறக்குறைய ஒன்று, இரண்டரைக் கிலோ சொச்சம்.

கொழும்பிலிருந்து:
என்னுடையது சின்னக் கதை. பெரிய பள்ளிவாசலிலிருந்து பிறை அறிவிப்பு வரத் தாமதம். வட்டிலப்பம் என்ற பெருநாள் இனிப்புக்கு முட்டையை உடைப்பதா வேண்டாமா என்று உம்மா வானொலிப் பக்கத்திலேயே இருந்தா. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஃபித்ராவைக் கடைசி நேரம் வரை வைத்திருக்காதீர்கள். ஷாஃபியில் ரமழான் தொடக்கத்திலிருந்தே கொடுக்கலாம். பெருநாள் தொழுகைக்கு முன் சேர்ந்துவிட வேண்டும். பள்ளியில் ஒப்படைத்தால் என்றைக்குப் பங்கிடுவார்கள் என்று கேளுங்கள். வீட்டில் தின்கிற அரிசியையே கொடுங்கள், மட்டமானதைத் தேடி வாங்காதீர்கள். வெறும் அரிசியை வைத்துப் பெருநாள் கொண்டாட முடியாது, தேங்காய்க்கும் இறைச்சிக்கும் தனியாக ஸதக்கா (விருப்ப தர்மம்) கொடுங்கள். பிள்ளைகள் உள்ள வீடென்றால் உடுப்புத் துணியை நோன்பு பாதியிலேயே கொடுத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் எந்தத் தையல்காரரும் தைக்கப் புதுத் துணி வாங்க மாட்டார்.