முதலாண்டு விடுதியை வருடம் முழுக்கத் தனியே பூட்டி வைப்பது சரியா?

கரிசல்_பெண்:
எங்கள் பொறியியல் கல்லூரியில் இந்த வருடம் ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. முதலாண்டு மாணவிகள் தங்கும் பகுதிக்கு மற்ற ஆண்டு மாணவிகள் யாரும் வருடம் முழுக்கப் போகக் கூடாது. மெஸ்ஸில் சாப்பாட்டு நேரமும் வேறு வேறு. நூலகத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்தால்கூடப் பெயரைக் குறித்துக்கொள்கிறார்கள். ராகிங்கைத் தடுக்கத்தான் இது என்று புரிகிறது. ஆனால் இதனால் யாருக்கு அதிக நஷ்டம் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

நான் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவள். 2021-ல் பொறியியலுக்கும் அந்த ஒதுக்கீடு வந்தது. படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்றுக்கொள்கிறது. உள்ளே வந்த பிறகுதான் கஷ்டம் தொடங்குகிறது. முதல் செமஸ்டரிலேயே கணிதம், இயற்பியல், வேதியியலோடு பைதான் என்ற கம்ப்யூட்டர் மொழியும் இருக்கிறது. வீட்டில் கம்ப்யூட்டரே இல்லாத பெண், ஒரு கோலன் (முக்காற்புள்ளி) விட்டுப்போனதால் புரோகிராம் ஓடவில்லை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பாள்? லேபில் இருக்கும் ஆசிரியர் அத்தனை பேரையும் பார்க்க வேண்டும்.

லேபில் செய்ததை அங்கேயே குறிக்கிற அப்சர்வேஷன் நோட்டில் ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான், அதைச் சுத்தமாக எழுதித் தரும் ரெக்கார்டு எழுத வேண்டும் என்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. ராத்திரி முழுக்க உட்கார்ந்து படம் வரைந்து ரெக்கார்டு எழுதிக்கொண்டு போகிறவளிடம் "கையெழுத்து எங்கே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினால், அடுத்த வாரம் லேப் என்றாலே அவளுக்கு வயிற்றைக் கலக்கும். எனக்கு இதையெல்லாம் சொல்லித்தந்தவர்கள் பக்கத்து அறை அக்காக்கள்தான். முதல் மாதம் தனியாக வையுங்கள், சரி. வருடம் முழுக்க எதற்கு?

மாஜி_காப்பாளர்:
நான் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். விடுதிக் காப்பாளராகவும் பல வருடம் இருந்திருக்கிறேன். அந்தச் சுற்றறிக்கையை நான் முழுமையாக ஆதரிக்கிறேன், அம்மா.

இளையவர்களுக்கு இது பழைய கதையாகத் தோன்றலாம். 1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு சீனியர் ஒருவரால் கொல்லப்பட்டார். அவருடைய அப்பா அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். அவ்வளவு பெரிய பதவியில் இருந்தவராலேயே தன் பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை. 1997-ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2 ஆண்டு வரை சிறை என்றது அந்தச் சட்டம். அதோடு முடிந்ததா? 2009 மார்ச்சில் இமாச்சலத்தில் அமன் கச்ரூ என்ற மருத்துவ மாணவர் சீனியர்கள் அடித்ததில் இறந்துபோனார். பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைகள் அதே ஆண்டு வந்தன. முதலாண்டு மாணவர்களை முடிந்தவரை தனி விடுதிப் பகுதியில் தங்கவைக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. உங்கள் கல்லூரி ஒன்றும் தானாகக் கண்டுபிடிக்கவில்லை.

நீங்கள் சொல்லும் நல்ல அக்காக்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ராகிங் எப்போதும் மிரட்டலில் ஆரம்பிப்பதில்லை. "வா தம்பி, ரெக்கார்டு எப்படி எழுதுவது என்று காட்டுகிறேன்" என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அந்தப் பையன் சீனியரின் ரெக்கார்டை எழுதிக்கொண்டிருப்பான். அப்புறம் சட்டை துவைப்பான், ராத்திரி 11 மணிக்குக் கடைக்கு ஓடுவான். கேட்டால், "அண்ணன் நல்லவர் சார், எனக்கு நிறைய உதவி பண்ணியிருக்கார்" என்பான். நன்றிக்கடன் பட்டவன் புகார் எழுதித் தர மாட்டான். ஒரு காப்பாளராக நான் அதிகம் பயந்தது இதற்குத்தான்.

சேலத்து_அம்மா:
என் மகன் இந்த வருடம்தான் சேர்ந்தான். ஐயா சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. நல்ல சீனியர் யார், கெட்ட சீனியர் யார் என்று வாசலில் நிற்கிற செக்யூரிட்டிக்கு எப்படித் தெரியும்? பிள்ளையை விட்டுவிட்டு பஸ் ஏறுகிறபோது ஒரு தாய்க்கு என்ன இருக்கும் என்று, கரிசல், உனக்கு இப்போது தெரியாது.

ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் மகன் மூன்று வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. போனில் கேட்டால் "நல்லா இருக்கும்மா" என்று மட்டும் சொல்வான். முதல் இன்டர்னல் தேர்வுக்குப் பிறகுதான் வகுப்பில் ஒன்றுமே புரியவில்லை என்று வாயைத் திறந்தான். வார்டனிடம் சொன்னாயா என்றால், அவர் வருகைப் பதிவு எடுக்க மட்டும்தான் வருவார் என்கிறான். அவன் யாரிடம்தான் பேசுவான்?

கரிசல்_பெண்:
//முடிந்தவரை தனி விடுதிப் பகுதியில் தங்கவைக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது//

ஐயா, அதே விதிமுறைகளில் வேறு என்னவெல்லாம் இருக்கிறது என்றும் சொல்லுங்கள். முதலாண்டு மாணவர்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் ஆசிரியரை நியமிக்க வேண்டும். அவர் ஒவ்வொருவரிடமும் தினமும் பேசி என்ன பிரச்சினை என்று கேட்க வேண்டும். முதல் ஓரிரு வாரத்துக்குப் பிறகு சீனியர்களையும் ஜூனியர்களையும் ஒன்றாக உட்காரவைத்து, மனநல ஆலோசகர் ஒருவர் பேச வேண்டும். கலைநிகழ்ச்சி, விளையாட்டு வழியாக இரண்டு தரப்பையும் அறிமுகப்படுத்த வேண்டும். ஆசிரியர்கள் விடுதிக்கு வந்து மாணவர்களோடு சாப்பிட வேண்டும். எல்லாம் அதில் இருக்கிறது.

அதிலிருந்து பூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டார்கள். பூட்டுக்குச் செலவு கிடையாது. ஆலோசகருக்குச் சம்பளம் தர வேண்டும். என் கோபமே இதில்தான். அந்த அம்மாவின் மகனுக்குப் பேச ஆள் இல்லாமல் போனது விதிமுறையால் இல்லை. விதிமுறையில் பாதியை யாரும் செய்யாததால்.

டே_ஸ்காலர்_பையன்:
எல்லாரும் விடுதி விடுதி என்கிறீர்கள். முதலாண்டில் காலேஜ் பஸ்ஸில் தினமும் வந்து போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். 4.30-க்கு பஸ் கிளம்பிவிடும். எந்த உதவியும் அதற்கு மேல்தான் நடக்கும். எங்களுக்கு அக்காவும் இல்லை, வார்டனும் இல்லை.

கணக்கு_மிஸ்:
தனியார் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். முதலாண்டுக்குத்தான் கணிதம் எடுக்கிறேன். இரண்டு தரப்பிலும் எனக்கு உடன்பாடு இல்லை.

கரிசல் சொல்கிற அந்த ஆசிரியர், அதாவது மென்டார், காகிதத்தில் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறார். நானே ஒரு குழுவுக்கு மென்டார். அதற்கென்று ஒரு நோட்டு உண்டு: மாணவர் பெயர், பெற்றோர் தொலைபேசி எண், "கலந்துரையாடிய பொருள்", கையெழுத்து. கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் கொடுக்கிற நாக் (NAAC) குழு வரும்போது அந்த நோட்டுகள்தான் மேசை மேல் அடுக்கப்படும். ஆனால் என் நேர அட்டவணையில் அந்தக் கலந்துரையாடலுக்கு ஒரு பீரியட்கூடக் கிடையாது. வகுப்பு, விடைத்தாள், தேர்வு மேற்பார்வை, அட்மிஷன் சமயத்தில் ஊர் ஊராகப் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளை பிடிக்கிற வேலை, எல்லாம் போக மிச்சமிருக்கும் நேரத்தில் செய்ய வேண்டும். மிச்சம் எதுவும் இருப்பதில்லை.

அறிமுகப் பயிற்சியும் அப்படித்தான். தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ 3 வாரம் என்று வகுத்தது நல்ல திட்டம். மனித விழுமியங்கள், கலை, விளையாட்டு, ஊரைச் சுற்றிப் பார்ப்பது என்று நிதானமாகப் போக வேண்டியது. பல இடங்களில் அது ஆடிட்டோரியத்தில் நாள் முழுக்க உட்காரவைத்து, வெளியிலிருந்து வந்தவர் தன்னம்பிக்கைப் பேச்சு பேசுவதாக முடிகிறது. பசங்க தூங்கிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

சரி, அதற்காக அந்த வேலையைச் சீனியர்கள் தலையில் கட்டலாமா? கூடாது என்பேன். 19, 20 வயதுப் பிள்ளைகள் அவர்கள். நள்ளிரவில் ஒரு ஜூனியர் "செத்துப்போகலாம் போல இருக்கு அக்கா" என்று செய்தி அனுப்பினால் அந்தப் பெண் என்ன செய்வாள்? விடியும்வரை தானும் அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பாள். சம்பளம் வாங்குகிறவர்கள் செய்ய வேண்டிய வேலையைப் பாசம் என்ற பெயரில் பிள்ளைகளிடம் தள்ளிவிட்டால், நிர்வாகம் ஆள் எடுக்கவே எடுக்காது. முதலாண்டு ஆசிரியர்களின் பாடவேளையைக் குறையுங்கள், முழுநேர ஆலோசகரை வையுங்கள். கேட்க வேண்டியது இதைத்தான்.

கரிசல்_பெண்:
மிஸ், ஆலோசகர் வேண்டும் என்பதில் நானும் உங்கள் கட்சி. செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று வருவதை எந்தச் சீனியரும் தனியாகச் சுமக்கக் கூடாது.

ஆனால் முதலாண்டில் வரும் கஷ்டத்தில் பெரும்பகுதி ஆலோசகரிடம் கொண்டுபோகிற மாதிரி இருக்காது. அற்பமாகத் தெரியும். ஒரு உதாரணம். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த பெண்களுக்கு அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். 2024-லிருந்து பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் வந்துவிட்டது. எங்கள் விடுதியில் ஒரு பெண்ணுக்கு மட்டும் பணம் வரவில்லை. பேங்க் கணக்கோடு ஆதார் இணைக்காமல் இருந்தது. கல்லூரியில் இதற்கென்றே ஓர் அலுவலர் இருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியாது. ஆபீஸ் கவுன்ட்டரில் போய் நின்று, முன்னால் நிற்பவர்கள் ஆங்கிலத்தில் பேசுவதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். எந்த அறை, யாரைக் கேட்க வேண்டும், என்ன கொண்டுபோக வேண்டும், இந்த மூன்றையும் ஒரு சீனியர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவாள். இதை ஆலோசகரிடம் போய்ச் சொல்ல அந்தப் பெண்ணுக்கு வாய் வராது. போன வருடம் அதே கவுன்ட்டரில் நின்று திரும்பியவளிடம்தான் சொல்வாள்.

மாஜி_காப்பாளர்:
இந்த உதாரணத்தை ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் என் நிபந்தனைகளைக் கேளுங்கள். அறைக்குள் கிடையாது. பொதுவான கூடத்தில், விளக்கு வெளிச்சத்தில், ஓர் ஆசிரியர் இருக்கும்போது மட்டும். தனியாக ஒருவரை ஒருவர் சந்திக்கக் கூடாது, குழுவாகத்தான். ஜூனியரின் போன் எண்ணை சீனியர் வாங்கக் கூடாது. யார் யார் வந்தார்கள் என்று பதிவேடு இருக்க வேண்டும். ஜூனியர் சொன்ன எந்தப் பிரச்சினையும் அன்றே ஆசிரியர் காதுக்கு வர வேண்டும். சீனியர்களை நன்னடத்தை, மதிப்பெண் இரண்டையும் பார்த்துத் துறைத்தலைவர் தேர்ந்தெடுக்க வேண்டும். 1800-180-5522 என்ற ராகிங் புகார் எண் அந்தக் கூடத்தின் சுவரில் பெரிதாக எழுதியிருக்க வேண்டும்.

சேலத்து_அம்மா:
இப்படி நடக்குமானால் என் மகனை நானே அனுப்புவேன். போன் எண் வாங்கக் கூடாது என்பதை மட்டும் யாரும் தளர்த்த வேண்டாம்.

கரிசல்_பெண்:
கூடம், குழு, பதிவேடு, போன் எண், சுவரில் புகார் எண், எல்லாம் சம்மதம். இரண்டு இடத்தில் ஒத்துக்கொள்ள முடியாது.

ஒன்று, மதிப்பெண் பார்த்துத் தேர்ந்தெடுப்பது. முதல் ரேங்க் எடுக்கிறவர் நல்லவராக இருக்கலாம். ஆனால் முதல் செமஸ்டரில் மூன்று அரியர் வைத்து, அதை எழுதித் தேறி வந்தவருக்குத்தான் எங்கே சறுக்கும் என்று தெரியும். எங்கள் வகுப்பில் தமிழ் வழியிலிருந்து வந்த ஒரு பெண் கணிதத்தில் தோற்று, இரண்டாம் முறை எழுதி, இப்போது ஜூனியர்கள் கேட்டால் மேட்ரிக்ஸ் கணக்கை ஒவ்வொரு படியாகப் போட்டுக் காட்டுகிறாள். உங்கள் பட்டியலில் அவள் பெயர் வராது.

இரண்டு, சொன்னதெல்லாம் அன்றே ஆசிரியர் காதுக்குப் போக வேண்டும் என்பது. உயிருக்கு ஆபத்து, ராகிங், பாலியல் தொல்லை என்றால் அந்த நிமிடமே போகட்டும். "எனக்கு இந்த மிஸ் நடத்துவது புரியவில்லை" என்று ஒரு பெண் சொன்னதும் அந்த மிஸ்ஸுக்கே போய்ச் சேர்ந்தால், அடுத்த வாரம் கூடத்தில் ஒருத்தியும் இருக்க மாட்டாள்.

கணக்கு_மிஸ்:
அந்த மிஸ் நானாகவே இருந்தாலும் எனக்குத் தெரிந்தால் நல்லதுதான். ஆனால் பெயர் இல்லாமல் தெரிந்தால் போதும். "இந்த வாரம் எட்டுப் பேர் இந்தப் பாடம் புரியவில்லை என்றார்கள்" என்று மட்டும் சொல்லட்டும், மறுபடி நடத்துகிறேன்.

மாஜி_காப்பாளர்:
பெயர் இல்லாத தகவலை வைத்து ஒரு பிள்ளையைக் காப்பாற்ற முடியாது. எது ஆபத்து, எது ஆபத்து இல்லை என்று 20 வயதுப் பெண் முடிவு செய்ய வேண்டும் என்கிறீர்கள். மிஸ் முதலில் எழுப்பிய கவலையே அதுதானே? மதிப்பெண் விஷயத்தை வேண்டுமானால் விட்டுத்தருகிறேன். இதில் இறங்கி வர மாட்டேன்.

டே_ஸ்காலர்_பையன்:
சார், அந்தக் கூடம் எத்தனை மணிக்கு?

கரிசல்_பெண்:
மதிய சாப்பாட்டு இடைவேளையில் வைக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன் தம்பி. விடுதிக்காரர்களும் பஸ்ஸில் வருகிறவர்களும் சேர்ந்து இருக்கிற நேரம் அது ஒன்றுதான். ஐயாவின் நிபந்தனைகளையும் என் இரண்டு மறுப்பையும் அப்படியே எழுதி முதல்வரிடம் மனுவாகக் கொடுக்கிறேன். மிஸ், பாடவேளையைக் குறைக்கச் சொல்லும் வரியை நீங்களே எழுதித் தாருங்கள், அதையும் சேர்த்துவிடுகிறேன்.